மெழுகுக்கு இரண்டு டப்பா வையுங்கள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய தகர டப்பா இருக்கிறது. அதைத் திறந்தால் எரிந்து மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டுகள். வெள்ளை, சிவப்பு, கரி பிடித்தது, தீக்குச்சி ஒட்டியது எல்லாம் கிடக்கும். அத்தனையும் கஜா புயல் நாட்களின் மிச்சம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை அந்தப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை ஏறியது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. விடிந்து பார்த்தபோது தென்னை எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. எங்கள் ஊருக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நிவாரணம் கொண்டு வந்த பிள்ளைகள் அரிசி, போர்வையோடு கட்டுக் கட்டாக மெழுகுவர்த்தியும் கொடுத்தார்கள். அந்த வெளிச்சத்தில்தான் சாப்பிட்டோம், அந்த வெளிச்சத்தில்தான் விழுந்த மரங்களைக் கணக்குப் போட்டோம். மிச்சத் துண்டை எறிய யாருக்கும் மனசு வரவில்லை. அம்மாதான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அந்த டப்பாவில் போட்டு வைத்தார்.

இந்தக் கட்டுரை அந்த டப்பாவைப் பற்றியது. அதைவிட, நான் வைக்காமல் விட்ட இன்னொரு டப்பாவைப் பற்றியது.

நான் செய்த தப்பு

புயலுக்கு முன்னால் தென்னந்தோப்பில் 9 தேனீப் பெட்டி வைத்திருந்தேன். நியூட்டன் பெட்டிதான், நம்ம ஊர் அடுக்குத் தேனீதான். தென்னை ஆண்டு முழுக்கப் பாளை விடுவதால் தேனீக்குப் பட்டினி கிடையாது. தோப்பும் காய்த்தது, தேனும் கிடைத்தது. புயலுக்குப் பிறகு மிஞ்சியது இரண்டே பெட்டி. மற்றவை மரத்துக்கு அடியில் நசுங்கியும் தண்ணீரில் கிடந்தும் போய்விட்டன.

தை மாதக் கடைசியில், பக்கத்துத் தோட்டத்து வேம்பில் ஒரு கூட்டம் வந்து தொங்கியது. பிடித்து வந்து பழைய பெட்டியில் விட ஆசைப்பட்டேன். புதுச் சட்டங்கள் செய்தேன். சட்டத்தின் மேல்கட்டைக்கு அடியில் ஒரு கோடு மெழுகு ஓட்டிவிட்டால் தேனீ அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நேராக அடை கட்டும். இது தேனீ வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த வேலை.

ஆனால் என்னிடம் மெழுகு இல்லை. யோசித்துப் பாருங்கள். பல வருஷமாகத் தேன் எடுத்தவன் நான். அடையைப் பிழிந்த சக்கையையும், சீவி எடுத்த மூடியையும், கறுத்துப் போன பழைய அடையையும் ஒவ்வொரு முறையும் குப்பைக்குழியில் கொட்டியிருக்கிறேன். கையளவு மெழுகுகூட வீட்டில் இல்லை. மிஞ்சிய இரண்டு பெட்டியிலிருந்து ஒரு சின்னத் துண்டு அடையை அறுத்தேன். அது போதவில்லை. பரணில் இருந்த டப்பா ஞாபகம் வந்தது. மெழுகுவர்த்தித் துண்டுகளை அந்த அடைத்துண்டோடு சேர்த்து உருக்கி, சட்டங்களில் நல்ல கனமாக ஓட்டினேன்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "ஏன் தம்பி, கடைல விக்கிற மெழுகும் பூச்சி கட்டுன மெழுகும் ஒண்ணாடா?"

"உருகுனா எல்லாம் ஒண்ணுதான்மா" என்றேன். படித்தவன் பேசுகிற பேச்சு!

கூட்டம் பெட்டியில் தங்கியது. அடை கட்டியது. நாலு சட்டத்துக்கு அழகான வெள்ளை அடை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்திரை வெயில் ஏறியது. ஒரு மத்தியானம் பெட்டியடியில் தேன் ஒழுகுவதைப் பார்த்து ஓடிப்போய்த் திறந்தேன். நடுவில் இருந்த மூன்று அடையும் கழன்று ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. புழுவும் தேனும் தேனீயும் கூழாகக் கிடந்தன. ராணி அதற்குள் நசுங்கியிருக்க வேண்டும். எஞ்சிய தேனீக்கள் இரண்டு நாள் பெட்டி வாசலில் கொத்தாகத் தொங்கின. மூன்றாம் நாள் காலையில் பெட்டி காலி.

விழுந்த அடையை எடுத்துப் பார்த்தேன். தேனீ கட்டிய பகுதி எங்கும் உடையவில்லை. நான் ஓட்டிய கோடுதான் கட்டையிலிருந்து இளகி உரிந்து வந்திருந்தது.

வெயிலும் காரணம்தான், மறுக்கவில்லை. நிழல் தந்த தென்னைதான் விழுந்துவிட்டதே. ஆனால் அதே வெயிலில், அதே வரிசையில் நின்ற பழைய இரண்டு பெட்டியிலும் ஒரு அடைகூட விழவில்லை. அவை முழுக்கத் தேனீயே ஒட்டிய அடைகள்.

பிறகு மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பெட்டி கொண்டு வந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, தேனீ கேக்கறது கொஞ்சம் மெழுகு. அது அதுக்க மெழுகா இருக்கணும். அம்புட்டுதான் விசயம்" என்றார்.

பெயர் ஒன்று, பொருள் இரண்டு

தமிழில் இரண்டையும் மெழுகு என்றுதான் சொல்கிறோம். அதுதான் குழப்பத்துக்கு முதல் காரணம்.

கடையில் கிடைக்கிற மெழுகுவர்த்தி பெரும்பாலும் பாரஃபின். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரித்தெடுப்பது. பெட்ரோல், டீசல், தார் வருகிற அதே குடும்பம். 19-ஆம் நூற்றாண்டில்தான் அது புழக்கத்துக்கு வந்தது. வர்த்தி கெட்டியாக நிற்க அதோடு ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பதும் உண்டு. நிறமும் வாசனையும் தனி. பாரஃபினில் பல தரம் இருக்கிறது. சிலது 50 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும், சிலது 60-ஐத் தாண்டும். உருகுவதற்கு வெகுமுன்பே இளகத் தொடங்கிவிடும். கையில் உள்ள துண்டு எந்தத் தரம் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

தேன்மெழுகு அப்படியில்லை. இளம் வேலைக்காரத் தேனீயின் அடிவயிற்றில் மெழுகுச் சுரப்பிகள் இருக்கின்றன. அங்கிருந்து சின்னச் சின்னச் செதிலாக மெழுகு வருகிறது. தேனீ அதை எடுத்து வாயில் மென்று பதப்படுத்தி அறை அறையாகக் கட்டுகிறது. 62 முதல் 64 டிகிரியில் உருகும். 

இந்த மெழுகுக்குத் தேனீ கொடுக்கிற விலை என்ன தெரியுமா? ஒரு கிலோ மெழுகு சுரக்க 6 முதல் 8 கிலோ தேன் வரை தேனீக்கள் தின்ன வேண்டும் என்பது தேனீ வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்கிற கணக்கு. நம்ம ஊர் அடுக்குத் தேனீப் பெட்டியில் அவ்வளவு தேன் எடுப்பதற்கே நாம் எத்தனை மாதம் காத்திருக்கிறோம்! அதைத்தான் சக்கை என்று குழியில் கொட்டுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாரஃபின் கலப்படம் என் வீட்டுக் கோளாறு மட்டும் இல்லை. அச்சுப் பதித்த மெழுகுத் தாள் விற்பனைக்கு வருகிறது அல்லவா, அதில் பாரஃபின் கலப்பது உலகம் முழுக்கத் தேனீ வளர்ப்பவர்களுக்குப் பழைய தலைவலி. ஐரோப்பாவில் சில ஆண்டுகளுக்கு முன்பு ஸ்டியரின் கலந்த தாளை வாங்கிப் போட்டவர்களின் பெட்டிகளில் புழுக்கள் செத்தன. தேனீயின் குழந்தை வளர்கிற தொட்டில் அந்த அடை. தொட்டிலில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தேனை மட்டும் "இயற்கைத் தேன்" என்று எப்படி எழுதி விற்பது?

விஷம் தங்குகிற இடமும் அதுதான்

இயற்கை உழவர்கள் இதைக் கவனிக்க இன்னொரு காரணம் இருக்கிறது. பூச்சிக்கொல்லிகளில் பலவும் கொழுப்பில் கரைபவை. மெழுகு கொழுப்புச் சாதி. ஆகவே தேனில் தங்குவதைவிட மெழுகில் அவை அதிகம் தங்கும். உருக்கினாலும் வடிகட்டினாலும் முழுசாகப் போகாது. ஒரே மெழுகைத் திரும்பத் திரும்பத் தாளாக்கிப் பெட்டிக்குள் வைத்தால் விஷம் சேர்ந்துகொண்டே போகும்.

இதன் மறுபக்கம் என்ன? மருந்து அடிக்காத தோப்பில், மருந்து அடிக்காத ஊர்களைச் சுற்றி வந்த தேனீ கட்டிய மெழுகு அரிய பொருள். தேனீ நம் வேலிக்குள் மட்டும் மேயாது என்பதும் உண்மை. பக்கத்து வயலில் அடித்தால் நம் அடையில் அது தெரியும். ஆனாலும் சந்தையில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத மெழுகை விட நம் பெட்டி மெழுகு பல மடங்கு மேல். அப்படிப்பட்டதை நாமே எறிந்துவிட்டு, கடைக்குப் போய்த் தாள் வாங்குவது சொந்த விதையைத் தின்றுவிட்டு விதைக்கடையில் வரிசையில் நிற்பது போலத்தான். விதைக்கு நாம் எத்தனை கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம்! மெழுகுக்கு ஒரு வரியாவது பேசினோமா?

உருக்குவது எப்படி

பெரிய கருவி எதுவும் வேண்டாம். நான் இப்போது செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் பிரிக்க வேண்டும். தேன் அறையின் மேல் சீவி எடுத்த மூடி, புது வெள்ளை அடை இவை ஒரு பக்கம். புழு வளர்ந்து வளர்ந்து கறுத்த அடை இன்னொரு பக்கம். முதல் வகையில்தான் சுத்தமான, மஞ்சள் நிற மெழுகு கிடைக்கும். கறுத்த அடையில் புழுக்கூட்டின் தோல் அடுக்கடுக்காக இருப்பதால் மெழுகு குறைவாகத்தான் வரும். இரண்டையும் சேர்த்து உருக்கினால் நல்லதும் கெட்டுவிடும்.

அடுத்து ஊற வைக்க வேண்டும். ஒரு ராத்திரி தண்ணீரில் கிடக்கட்டும். ஒட்டியிருக்கிற தேன் கரைந்துவிடும். கறுத்த அடைக்கு இது ரொம்ப முக்கியம். காய்ந்த தோல் மெழுகை உறிஞ்சும், தண்ணீரில் ஊறிய தோல் அவ்வளவாக உறிஞ்சாது. ஊறவைத்த இனிப்புத் தண்ணீரை நான் ஜீவாமிர்தத்தில் வெல்லத்துக்குப் பதிலாக ஊற்றிக்கொள்கிறேன். அதைத் திறந்த பாத்திரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். பெட்டிக்குப் பெட்டி திருட்டுச் சண்டை மூண்டுவிடும், நோயும் பரவும்.

பிறகு அதை பழைய பருத்தி வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, உள்ளே ஒரு சுத்தமான கல் போட்டு, பாத்திரத்துத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இரும்பு, பித்தளை, செம்பு மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். உப்புத் தண்ணீர் ஊரில் இருப்பவர்கள் மழைத்தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். கடினத் தண்ணீரில் மெழுகு நுரைத்துக் குழகுழவென்று ஆகிவிடும்.

தீ சின்னதாக எரியட்டும். தளதளவென்று கொதிக்க வேண்டாம். ஒரு கட்டையால் மூட்டையை அழுத்தி அழுத்திக் கொடுத்தால் மெழுகு துணி வழியாகக் கசிந்து மேலே மிதக்கும். சக்கை உள்ளே நின்றுகொள்ளும். போதும் என்று பட்டதும் இறக்கி, ஒரு சாக்கைச் சுற்றி மூடி, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். மெதுவாக ஆறினால்தான் தூசி அடியில் இறங்கும். காலையில் தண்ணீர் மேல் அடை தட்டிய மாதிரி மெழுகு நிற்கும். எடுத்து, அடிப்பக்கத்து அழுக்கைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். அந்தத் தண்ணீரும் சக்கையும் கம்போஸ்ட் குழிக்கு. மண் போட்டு மூடுங்கள். திறந்து கிடந்தால் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட்டுப் பெருகி, மறுபடி பெட்டிக்கே வரும்.

கடைசியாக ஒரு முறை, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகை வைத்து உருக்கி, துணியில் வடிகட்டி, கொட்டாங்கச்சியில் ஊற்றினால் ஒரு கட்டி தயார். ஆறியதும் தட்டினால் வந்துவிடும்.

பங்குனி, சித்திரையில் விறகே வேண்டாம். உள்ளே கறுப்பு பூசிய ஒரு மரப்பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே சாய்வாக ஒரு தகடு, தகட்டின் கீழ்முனையில் ஒரு கிண்ணம். வெயிலில் வைத்தால் மெழுகு தானே உருகி வழிந்து கிண்ணத்தில் சேரும். வெயில் பட்டு நிறமும் தெளியும். எங்கள் வீட்டில் பழைய ஜன்னல் கண்ணாடியில் செய்தது இன்றும் ஓடுகிறது.

எச்சரிக்கை ஒன்று. மெழுகை ஒருபோதும் நேரடித் தீயில் வைக்காதீர்கள். தண்ணீருக்குள் வைத்து உருக்கினால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நேரடித் தீயில் சூடு ஏறிக்கொண்டே போய் ஆவி தீப்பிடித்துக்கொள்ளும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் எரிகிற மெழுகு நாலாபுறமும் சிதறும். மூடி போட்டு மூடுங்கள், அல்லது காய்ந்த மணலைக் கொட்டுங்கள். வேலையைக் கொல்லையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எட்ட இருக்கட்டும். மிச்ச மெழுகைச் சாக்கடைக் குழாயில் ஊற்றாதீர்கள். உறைந்து அடைத்துக்கொண்டால் யாராலும் எடுக்க முடியாது.

அந்த மெழுகால் என்ன பயன்?

முதல் பயன் மறுபடி தேனீக்கே. புதுச் சட்டத்தில் ஒரு மெல்லிய கோடு. கனமாக ஓட்ட வேண்டாம். வழிகாட்டினால் போதும், மீதியை அவை பார்த்துக்கொள்ளும். கூட்டம் பிடிக்க வைக்கிற காலிப் பெட்டியின் உட்பக்கத்தில் கொஞ்சம் தேய்த்து வைத்தால் அந்த வாசனைக்கே தேனீ வந்து எட்டிப் பார்க்கும்.

இரண்டாவது ஒட்டுக்கட்டுதல். குங்கிலியம் 4 பங்கு, தேன்மெழுகு 2 பங்கு, கொழுப்பு 1 பங்கு என்று உருக்கிக் கலக்குவது பழைய ஒட்டு மெழுகுக் கணக்கு. கொழுப்புக்குப் பதிலாக எண்ணெய் சேர்ப்பவர்கள் கொஞ்சம் குறைத்துச் சேர்த்துப் பதம் பார்த்துக்கொள்ளலாம். மா ஒட்டுக்கும், கிளை வெட்டிய காயத்துக்கும், சூடு தணிந்தபின் தடவினால் தண்ணீர் இறங்காது. நர்சரிகளில் பாரஃபின் தடவுகிறார்கள், உண்மைதான். செடி அதனால் செத்துவிடாது. ஆனால் வீட்டில் விளைகிற பொருள் இருக்கும்போது பெட்ரோல் குடும்பத்துப் பொருளைத் தோப்புக்குள் எதற்குக் கூப்பிட வேண்டும்?

மூன்றாவது, காம்பு. மண்வெட்டி, அரிவாள், களைக்கொத்துக் காம்புக்கு விளக்கெண்ணெயில் கொஞ்சம் மெழுகு உருக்கித் தேய்த்தால் மழையில் வெடிக்காது, கைக்கும் வழுவழுப்பு.

நான்காவது, பாதம். மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் நாலு பங்கு. உருக்கிக் கலந்து சின்னக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் பித்தவெடிப்புக்கு ராத்திரி தடவிக்கொள்ளலாம். நடவுக்குப் போய் வருகிற பெண்கள் எங்கள் ஊரில் இதைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். இதில் மட்டும் மூடி மெழுகை, சுத்தமானதைப் போடுங்கள்.

மெழுகை வீணாக்காத மனிதர்களைப் பார்க்க நம் காவிரிக்கரையிலேயே ஆள் இருக்கிறது. சுவாமிமலைக்குப் போய்ப் பாருங்கள். ஸ்தபதிகள் தேன்மெழுகில் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து முதலில் மெழுகில் சிலை செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் பூசி, காயவைத்து, சூடு காட்டுகிறார்கள். மெழுகு உருகி வெளியே வழிய, அது விட்டுப்போன இடத்தில் உலோகம் போய் நிற்கிறது. வழிந்த மெழுகைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். சோழர் காலத்து நடராஜர்கள் எல்லாம் இப்படி மெழுகில் பிறந்தவர்கள்தான். ஒரு சாமி உருவான பிறகும் மிச்ச மெழுகை மிச்சம் என்று அவர்கள் எறிவதில்லை. நாமோ உழவர்கள், மிச்சத்தை மண்ணாக்கத் தெரிந்தவர்கள் என்று பெருமை பேசுகிறவர்கள்!

சரி, பழைய மெழுகுவர்த்தியை என்ன செய்வது?

எறியச் சொல்லவில்லை. பாரஃபின் மண்ணில் சீக்கிரம் மக்காது. கம்போஸ்டில் போட்டால் பல காலம் கழித்தும் துண்டாகவே கிடக்கும். குப்பையோடு கொளுத்தினால் கரும்புகை. அதற்கு ஒரே நேர்மையான வழி மறுபடி மெழுகுவர்த்தியாவதுதான்.

துண்டுகளிலிருந்து தீக்குச்சி, கரித்திரி எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். பழைய டப்பா ஒன்றில் போட்டு, அந்த டப்பாவைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கி வடிகட்டுங்கள். திரிக்குப் பருத்தி நூலை மூன்று இழையாகப் பின்னி, உருகிய மெழுகில் ஒருமுறை முக்கி எடுத்து நேராக்கிக் காயவிடுங்கள். அச்சுக்குப் பப்பாளி இலைக்காம்பே போதும். உள்ளே குழலாக இருக்கும், அடியை அடைத்து நடுவில் திரியை நிறுத்தி ஊற்றினால், ஆறியதும் காம்பை வாழைப்பழத் தோல் மாதிரி உரித்துவிடலாம். திரி மெல்லியதாக இருந்தால் சுடர் மெழுகிலேயே மூழ்கி அணையும். தடியாக இருந்தால் புகை கக்கும். இரண்டு மூன்று செய்து பார்த்தால் கை பழகிவிடும். இதற்கு வைத்த டப்பாவைத் தேன்மெழுகுக்கோ சமையலுக்கோ எடுக்காதீர்கள்.

இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கருத்து. அந்த மெழுகு பெட்டிக்குள் போகக் கூடாது, தோலில் தடவக் கூடாது, ஒட்டில் கட்டக் கூடாது. முக்கியமாக, அதை "இயற்கை மெழுகுவர்த்தி" என்று பெயர் ஒட்டி நம் சந்தையில் விற்கக் கூடாது. சில இயற்கைச் சந்தைகளில் இப்படி நடப்பதைப் பார்க்கிறேன். பழைய துண்டை உருக்கி, கொட்டாங்கச்சியில் ஊற்றி, மேலே காய்ந்த பூவை வைத்துவிடுகிறார்கள். கொட்டாங்கச்சி இயற்கைதான், பூ இயற்கைதான், உள்ளே எரிவது பாரஃபின். மறுபயன்பாட்டு மெழுகுவர்த்தி என்று சொல்லி விற்கட்டும், நானே வாங்குவேன். பொய்ப் பெயர்தான் வேண்டாம். அரிசியில் கலப்படம் செய்தவனைத் திட்டுகிற நாக்கு நம்முடையது. அந்த நாக்குக்கு ஒரு நியாயம் வேண்டாமா?

"இத்தனூண்டு மெழுகுக்கு இவ்வளவு பாடா?"

இதைச் சொன்னால் நண்பர்கள் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்வி. இரண்டு மூன்று பெட்டி வைத்திருப்பவருக்கு வருஷத்துக்குக் கிடைப்பது சில உருண்டைதான். அதற்கு விறகு, நேரம், அடுப்பு. "ஏங்க, இந்த வேலைக்கு நாலு தேங்கா உரிச்சா காசாகும்" என்று வீட்டுக்காரம்மாவும் சொன்னதுண்டு.

என் பதில் இதுதான். தனியாகச் செய்யாதீர்கள். நம் குழுக்களில் மாதக் கூட்டம் நடக்கிறது. விதை கொண்டு வருகிறோம், காய் கொண்டு வருகிறோம். அதேபோல அவரவர் வீட்டு அடையை ஊறவைத்து, பிழிந்து, காயவைத்து உருண்டையாகப் பிடித்துக் கொண்டு வாருங்கள். உருண்டையாகப் பிடித்து மூடிய டப்பாவில் வைத்தால் அந்துப்பூச்சி அவ்வளவாகத் தாக்காது. வருஷத்துக்கு ஒருமுறை, சித்திரை வெயிலில், ஒரு வீட்டுக் கொல்லையில் எல்லாருடையதையும் சேர்த்து உருக்குவோம். யார் தோட்டத்தில் மருந்து இல்லை என்று நமக்கே தெரியும். அந்த மெழுகிலிருந்து புதிதாகப் பெட்டி வைக்கிறவருக்கு ஒரு கட்டி இலவசமாகக் கொடுப்போம். எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு கட்டி கொடுக்க யாராவது இருந்திருந்தால் அந்தக் கூட்டம் பிழைத்திருக்கும்.

1991, 92-இல் தென்னிந்தியா முழுக்கத் தாய் சாக்புரூட் வைரஸ் வந்து அடுக்குத் தேனீக் கூட்டங்கள் கொத்துக் கொத்தாகப் போனதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். மிஞ்சிய கூட்டத்திலிருந்துதான் மறுபடி எழுந்தது நம் தேனீ வளர்ப்பு. புயலும் நோயும் நம் கையில் இல்லை. கூட்டம் திரும்பி வருகிற அன்றைக்கு, அதற்குக் கொடுக்க நம்மிடம் ஒரு கோடு நல்ல மெழுகு இருக்க வேண்டும். அது நம் கையில்தான் இருக்கிறது.

இப்போது எங்கள் பரணில் இரண்டு டப்பா இருக்கிறது. ஒன்றில் அம்மா பொறுக்கிய பழைய துண்டுகள். கரண்ட் போனால் அதிலிருந்து ஒன்று இறங்கும். இன்னொன்றில் கொட்டாங்கச்சி வடிவத்தில் மஞ்சள் கட்டிகள். மூடியைத் திறந்தால் தேன் வாசனை. தோப்பில் தென்னங்கன்றுகள் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. பெட்டி ஆறு ஆகியிருக்கிறது.

அடுத்த முறை தேன் எடுக்கும்போது சக்கையைக் குழிக்குக் கொண்டுபோகிற கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். முதலில் ஒரு டப்பா தேடுங்கள்.